பிரேக்கம்மாவின் வலது கை

பிரேக்கம்மாவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். பயிற்சி வண்டியில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. காலை அதன் மேலிருந்து எடுக்கவே மாட்டாள். ஆனால் கால் மிதிப்பதற்கு முன்பே வாய் மிதித்துவிடும். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய், சட்டைப் பையிலா என்று அவள் கேட்டால், அலுவலகத்தில் ஊரையே அதட்டுகிற ஆசாமிகூட "இல்லைங்க மேடம்" என்று குழைவார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவளைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்களும் அதே ஆசாமிகள்தான்.

அந்த வேலைக்குக் காலும் வாயும் மட்டும் போதாது. பழகுபவர் பதறிப் போய் வண்டியை மின்கம்பத்தைப் பார்த்துத் திருப்பும்போது, எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு அவளுக்கு வலது கை வேண்டும். அந்த வலது கைதான் இப்போது வீங்கிக் கிடந்தது.

போன வருடம் வலது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுத்து எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு மருந்து, கதிர்வீச்சு என்று ஒரு சுற்று சுற்றி வந்து, "இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை" என்று பெரிய டாக்டர் சொன்ன பிறகு, சொல்லி வைத்தாற்போல் கை பருக்கத் தொடங்கியது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பில் இரத்தம் ஓடுவதுபோல நிணநீரும் ஓடுகிறது. அக்குளில் அதன் வடிகாலை எடுத்துவிட்டதால் கையிலேயே தேங்குகிறது. முழுக்க மாற்ற முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம், வேலைக்கும் போகலாம். கீழ்த்தளத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்கிற தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்.

கதவில் மாட்டியிருந்த பலகையைப் படித்ததும் பிரேக்கம்மாவுக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, இவர்கள் புதிதாக எதைத் தேடித் தரப் போகிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. ஒரு மூலையில் அடுப்புமேடை, குழாய், பாத்திரங்கள். இன்னொரு மூலையில் கட்டிலும் துணி அலமாரியும். சுவரில் ஒரு பலகை. அதில் வகைவகையாகப் பூட்டு, கொக்கி, சட்டைப் பொத்தான். ஜன்னலோரம் ஒரு பெரியவர் உட்கார்ந்து காலுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். காலில் இரத்தம் தேங்கிப் புண் வந்து ஆறியவர். இனிமேல் இறுக்கமான காலுறை போட்டுத்தான் நடக்க வேண்டும். அதைக் குனிந்து போடுவதற்குள் மூச்சு வாங்கியது. பாதத்தில் முதலில் ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் காலுறை வழுக்கிக்கொண்டு ஏறும், பிறகு விரல்பக்கத் திறப்பு வழியாகப் பையை உருவிவிடலாம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள் தெரபிஸ்ட். பெரியவர் ஒரு காலத்தில் லிஃப்ட் இயக்கியவராம். வந்தவளிடம் அறிமுகம் இல்லாமலேயே குறைபட்டுக்கொண்டார்.

"ஆயுசு பூரா எல்லாரையும் மேல ஏத்திவிட்டேன். இப்ப என் கால் ரத்தத்தை மேல ஏத்தத்தான் ஆளில்ல."

தெரபிஸ்ட் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடும் ரகம். எங்கே வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டாள். "திட்டுவேன்" என்றாள் பிரேக்கம்மா. அதற்குக் கை வேண்டாமே அக்கா, வேறே சொல்லுங்கள் என்று அவள் சிரிக்காமல் கேட்டதும் பிரேக்கம்மாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. ஸ்டீயரிங்கை எட்டிப் பிடிப்பது பற்றிச் சொன்னாள். அடுத்த முறை போனபோது மேசையில் ஒரு பழைய ஸ்டீயரிங் சக்கரம் பொருத்தப்பட்டிருந்தது. எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை.

திட்டம் இதுதான். கையில் அடுக்கடுக்காகத் துணிக்கட்டு போட்டு வீக்கத்தை வற்ற வைப்பது. வற்றியதும் அளவெடுத்து, தோள்வரைக்கும் ஏறுகிற ஒரு இறுக்கமான கையுறை. அதைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங் பழக்கம், பிறகு வண்டி. முதலில் சில நாள் தெரபிஸ்டே கட்டினாள். கை நன்றாக வற்றியது. அதற்குப் பிறகு தினமும் வீட்டில் அவிழ்த்துக் கட்ட ஒரு ஆள் வேண்டும் என்றாள். ஒற்றைக் கையால் அதைத் தானே கட்டிக்கொள்ள முடியாது. பிரேக்கம்மா தன் கணவரை அழைத்து வந்தாள்.

அவர் பார்சல் நிறுவனத்தில் சரக்குக் கட்டுபவர். மீசை முளைத்த நாளிலிருந்து சாக்கும் சணலும்தான். பேச்சு குறைவு. அவள் பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று விட்டுவிட்டார் என்பார்கள். தெரபிஸ்ட் ஒரு முறை நிதானமாகக் கட்டிக் காட்டினாள். விரல்களுக்கு மெல்லிய துணி, கைக்கு மேல் பஞ்சு, அதற்கு மேல் உள்ளங்கையில் தொடங்கித் தோள்வரைக்கும் சுற்று. புரிந்ததா அண்ணா என்று கேட்டாள்.

"கட்டுறதுதானேம்மா. நம்ம பொழப்பே அதுதான்" என்றார் அவர், ஆயுளில் முதல்முறையாகக் கொஞ்சம் பெருமையாக.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கட்டினார். சமையலறை நாற்காலியில் அவளை உட்கார வைத்து, கையைத் தலையணைமேல் நீட்டச் சொல்லி, கண்ணும் கருத்துமாகக் கட்டுவார். நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். கட்டி முடித்ததும் ஒரு அடி தள்ளி நின்று பார்த்து, ஒரு சுருக்கம் தெரிந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். தோள்பக்கம் பிடிப்பதுபோல் இருக்கும். விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். பிரேக்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. வைத்தியம் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்தாள். அதைவிட, இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷனிடம் குறை சொல்ல மனம் வரவில்லை. உலகத்தையே திட்டுகிறவளுக்கு அந்த ஒரு விஷயத்தில் வாய் அடைத்துப் போயிற்று.

வாரம் ஒரு முறை தெரபிஸ்டிடம் போக வேண்டும். போவதற்கு முன்னால் பிரேக்கம்மா கட்டை அவிழ்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பட்டைத்துணிகளைத் துவைத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போவாள். அழுக்குக் கட்டோடு போய் நிற்பது அவளுக்கு மானப் பிரச்சினை.

முதல் வாரங்களில் டேப்பில் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. பிறகு விரல்கள் பருத்தன. புறங்கை உப்பி, முட்டிகள் இருந்த இடத்தில் குழிகள் விழுந்தன. பேனா பிடிக்க முடியவில்லை. சாவியைத் திருப்ப முடியவில்லை. பிரேக்கம்மா ஒருநாள் காலையில் ஜன்னலோரம் நின்று அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதிர் கொடுக்கும் இடத்தில் பழக்கமான ஒருத்திக்கு இப்படித்தான் கை திடீரென்று வீங்கியது. பார்த்தால் நோய் திரும்ப வந்திருந்தது. தனக்கும் வந்துவிட்டது என்று பிரேக்கம்மா முடிவே செய்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பரிசோதிப்பார்கள், பரிசோதித்தால் கண்டுபிடிப்பார்கள். பள்ளி முதலாளிக்குப் போன் செய்து, தனக்காகக் காத்திருக்கும் ஆட்களை வேறு பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் கணவரைக் கூப்பிட்டு நிறுத்தி, வாஷிங் மிஷினை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள். எந்தத் துணியோடு எதைப் போடக்கூடாது, சோப்புத்தூள் எந்தக் குழியில், எல்லாம் விவரமாக. திடீரென்று எதற்கு என்று அவர் கேட்டார். தெரிந்து வைத்துக்கொண்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அந்த வாரம் தெரபிஸ்ட் கையைச் சுற்றி டேப் வைத்து அளந்தபோது அவள் முகம் மாறியதைப் பிரேக்கம்மா பார்த்தாள். மேல்கை அப்படியே இருந்தது, முன்கையும் விரல்களும் ஏறியிருந்தன. காய்ச்சல் உண்டா, சிவந்ததா, அக்குளில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தெரபிஸ்ட் கேட்டுவிட்டு, இன்றைக்கே மேலே டாக்டரைப் பாருங்கள் என்றாள். கையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மற்றதையும் பார்த்துவிடலாம். முடிவு தெரிகிறவரைக்கும் கட்டு போடவே கூடாது, கையைத் தூக்கி வைத்திருங்கள் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அந்த 'மற்றது' என்ற சொல் பிரேக்கம்மாவின் காதிலேயே நின்றது.

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது. கட்ட வேலையில்லாததால் கணவருக்குக் காலையில் கை ஓடவில்லை. துவைத்த பட்டைத்துணிகளை எடுத்து மறுபடி மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். கட்டாமல் விட்டால் இன்னும் ஏறிவிடாதா என்று ஒரு முறை கேட்டார்.  தன் கையைப் பார்ப்பதையே பிரேக்கம்மா நிறுத்தியிருந்தாள்.

முடிவு சொல்லும் நாளில் அவரும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூட வந்தார். பெரிய டாக்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் பிரேக்கம்மாவுக்கு உயிர் போய் வந்தது.

"ரத்தம் உறையல. அந்த நோயும் திரும்ப வரல. எல்லா இடமும் சுத்தமா இருக்கு."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். கணவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் பிரேக்கம்மாவுக்குப் பாதிப் பால்தான் இறங்கியது. அப்படியானால் கை ஏன் வீங்கியது என்று கேட்டாள். அதை டாக்டரால் சொல்ல முடியவில்லை. கீழே தெரபிஸ்டையே பாருங்கள் என்றார். படத்தில் விழாத இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்னவோ என்று படியிறங்கும்போதே அவள் மனம் குடையத் தொடங்கிவிட்டது. ஒரு முறை ஏமாந்த மனம் லேசில் நம்பாது.

தெரபிஸ்ட் முடிவைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு டேப்பை எடுத்து அளந்தாள். ஒரு முறை அளந்துவிட்டு, நம்பாமல் மறுபடி அளந்தாள். விரல்கள் இறங்கியிருந்தன. புறங்கையில் முட்டிகள் லேசாகத் தெரிந்தன. பிரேக்கம்மாவும் அப்போதுதான் தன் கையைச் சரியாகப் பார்த்தாள்.

கட்டிய வாரங்களில் ஏறி, கட்டாத நாட்களில் இறங்கியிருக்கிறது. தெரபிஸ்ட் அதை யோசித்துக்கொண்டே, பிரேக்கம்மா வழக்கம்போல் கொண்டுவந்திருந்த பையிலிருந்து பட்டைத்துணிகளை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். வீட்டில் எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே என் முன்னால் கட்டுங்கள் அண்ணா என்றாள். ஜன்னலோரத்தில் காலுறையைப் போட்டு முடித்திருந்த லிஃப்ட்காரரும் வேடிக்கை பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார்.

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார். விரல்களுக்குத் துணி சுற்றவில்லை. பாவம், விரலாவது காற்றாட இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். உள்ளங்கையில் தளர்வாக ஒரு சுற்று. முன்கையில் கொஞ்சம் இழுத்து. முழங்கைக்கு மேல் போகப் போக இழுப்பு கூடியது. தோளுக்குக் கீழே வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றின்மேல் சுற்றாகப் போட்டு, ஒரு வெட்டு வெட்டி இழுத்து, நுனியை உள்ளே சொருகினார். இழுத்த வேகத்தில் முழங்கால் ஒன்று தானாக நாற்காலி விளிம்பில் ஏறி ஊன்றியிருந்தது. ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

 தெரபிஸ்ட் அந்த மேல் சுற்றுக்குள் தன் விரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

"நான் காட்டினது இதுக்குத் தலைகீழ் அண்ணா. கீழதான் இறுக்கம். மேல போகப் போகத் தளர்த்தணும்."

அவருக்குப் புரியவில்லை. இவ்வளவு எளிய விஷயம் இந்தப் படித்த பெண்ணுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அடியில எவனாவது இறுக்குவானாம்மா? மூட்டைன்னா வாயைத்தானே இறுக்கிக் கட்டணும்."

"மூட்டையில சரக்கு வெளிய வரக் கூடாது. இதுல வெளிய வரணும். அக்கா கைக்கு வாய் தோள்ல இருக்கு, அதைத்தான் நீங்க தினமும் இறுக்கி மூடியிருக்கீங்க. தண்ணி மேல ஏற முடியாம விரலுக்கு இறங்கிடுச்சு."

தெரபிஸ்ட் தொடர்ந்து, தப்பு என்மேலும்தான், ஒரு தடவையாவது நீங்கள் கட்டுவதை நின்று பார்த்திருக்க வேண்டும் என்றாள். கட்டோடு வந்திருந்தால் முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும், அக்கா ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள் என்றும் சொன்னாள். அவள் பேசிக்கொண்டே அந்தக் கட்டை அவசரமாக அவிழ்த்தாள்.

கணவர் பேயறைந்தவர்போல் நின்றார். பிறகு பின்னாலிருந்த முக்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தார். கடைசியில், "நான்தானா?" என்று மட்டும் கேட்டார்.

பிரேக்கம்மா அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் ராத்திரியும் பகலும் அவளை அரித்துக்கொண்டிருந்தது இதுதானா? உடம்புக்குள் எங்கோ ஒளிந்திருந்ததாக அவள் நினைத்துப் பயந்தது, நாக்கை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து கட்டிய இந்த மனுஷன்தானா? மீதிப் பாலும் இறங்கியது. முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரபிஸ்ட் தண்ணீர் எடுக்கப் போனாள். பிரேக்கம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிய, இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். லிஃப்ட்காரரும் எதற்கென்று தெரியாமலேயே சேர்ந்து சிரித்தார்.

"அந்த நோயா இருந்திருந்தா நான் யாரைப் போய்த் திட்டுறது? எங்க போய்ச் சண்டை போடுறது? இப்ப பாருங்க, ஆளு கைக்கு எட்டுற தூரத்துல உக்காந்திருக்கு."

அப்புறம் திட்டினாள். மனைவியின் கைக்கும் சாக்குக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன் என்றாள். முகவரியும் எழுதி ஒட்டி லாரியில் ஏற்றியிருக்க வேண்டியதுதானே என்றாள். உங்களால் நான் வாஷிங் மிஷின் பாடமெல்லாம் நடத்தினேனே என்றாள். அப்போதுதான் அவருக்கு அந்தப் பாடம் எதற்கு என்று விளங்கியது. அவர் தலை இன்னும் குனிந்துபோயிற்று. மேல்துண்டு இல்லாததால் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தெரபிஸ்ட் பட்டைத்துணியை மறுபடி சுருட்டி அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வேண்டாம்மா, இனிமேல் நீங்களே கட்டுங்கள், தினமும் வேலைக்கு முன்னால் இவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன், நான் தொடவே மாட்டேன் என்றார். தெரபிஸ்ட் பிரேக்கம்மாவைப் பார்த்தாள். பிரேக்கம்மா மேசைமேல் வலது கையை நீட்டி வைத்தாள்.

"என் வண்டியை இடிச்சவங்களை நான் அப்படியே வீட்டுக்கு அனுப்பினதில்ல. அன்னிக்கே, அதே வண்டியை, அவங்களே ஓட்டிட்டு வரணும். இல்லன்னா ஜென்மத்துக்கும் ஓட்ட மாட்டாங்க. கட்டுங்க."

"இல்லம்மா, மறுபடியும் இறுக்கிடுவேன்."

"இறுக்கினா சொல்றேன். பக்கத்துல நான் இருக்கேன்ல."

அவர் முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லக் கட்டினார். முதலில் ஒவ்வொரு விரலுக்கும் துணி. உள்ளங்கையில் நல்ல பிடிப்பு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு. முழங்கையைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் கை தானாக இழுக்கப் போனது. "பிரேக்" என்றாள் பிரேக்கம்மா. சட்டென்று விட்டுவிட்டார். தோளுக்கு வந்தபோது துணி தூங்குகிற பிள்ளைமேல் போர்வை கிடப்பதுபோல் கிடந்தது. தெரபிஸ்ட் மேல் சுற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

இனிமேல் கட்டோடுதான் வர வேண்டும், கழுவுகிற வேலையை இங்கே வந்து வைத்துக்கொள்ளலாம் என்று தெரபிஸ்ட் சொன்னாள். இதே மாதிரி போனால் கை வற்றிவிடும், கையுறைக்கு அளவெடுத்துவிடலாம், அதற்கப்புறம் ஸ்டீயரிங்தான். பிரேக்கம்மா அந்த இடத்திலிருந்தே பள்ளி முதலாளிக்குப் போன் போட்டு, தன் ஆட்களை யாருக்கும் நிரந்தரமாகத் தாரை வார்த்துவிட வேண்டாம், தான் வருகிறேன் என்று சொன்னாள். அந்தப் பக்கம் முதலாளி எதையோ இழுத்ததற்கு, கொஞ்சம் சத்தமாகவே இன்னொரு முறை சொன்னாள்.

கிளம்ப விடவில்லை தெரபிஸ்ட். கொஞ்ச நேரம் உட்கார்ந்து விரலில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். நகத்தை ஒரு முறை அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் உடனே சிவக்க வேண்டும், அவ்வளவுதான் என்று கணவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு லிஃப்ட்காரரை நடக்க வைக்கப் போனாள். பிரேக்கம்மா கையைத் தலையணைமேல் வைத்து, சாய்வு நாற்காலியில் தலையைச் சாய்த்தாள். எத்தனை நாள் தூக்கம் பாக்கி இருந்ததோ, அடுத்த நிமிடமே வாய் லேசாகத் திறந்துகொண்டு குறட்டை வந்தது. கணவர் குனிந்து அவள் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். வெளுத்தது, சிவந்தது. ஆள்காட்டி விரலை அழுத்தினார். சிவந்தது. சுண்டுவிரல்வரைக்கும் போய்விட்டு, சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி கட்டைவிரலில் தொடங்கினார்.

"அதான் ரத்தம் ஓடுதுல்ல" என்றாள் பிரேக்கம்மா, கண்ணைத் திறக்காமலேயே. "தூங்க விடுங்களேன்."

சரி என்றார் அவர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் மூச்சு சீரானதும், மெதுவாக இன்னொரு முறை அழுத்தினார். சிவந்தது.